கொளுக்கி ஊசியும் கூலியும்

நம் நாட்டுப் பழைய வீடுகளில் வளர்ந்தவர்களுக்குப் பாற்குவளையை மூடும் அந்தச் சிறு வலைத்துணியை நினைவூட்ட வேண்டியதில்லை. நடுவே வெண்ணூலால் ஒரு பூ. விளிம்பைச் சுற்றிக் கனத்துக்காகக் கோத்த கண்ணாடி மணிகள். ஈ அணுகாது, காற்றுக்கும் பறவாது. அதைப் போன்றதே கதிரைச் சாய்மானத்தில் ஒன்று, மேசையின் நடுவில் ஒன்று, வானொலிப் பெட்டியின் தலையில் ஒன்று. இவற்றையெல்லாம் யார் செய்தார் என்று கேட்டால், ஓய்வு நேரத்தில் வீட்டுப் பெண்கள் செய்தார்கள் என்ற விடை வரும். 'ஓய்வு நேரம்' என்னும் இவ்விரு சொற்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றையே இன்று நேயர்களோடு சற்று ஆராய விரும்புகின்றேன்.

பொருளை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். குறோசே என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறிய கொளுக்கி என்பதே பொருள். முனையில் கொளுக்கியுடைய ஒரே ஓர் ஊசி, ஒரு நூற்பந்து, பத்து விரல்கள். இவற்றுக்குமேல் எதுவும் வேண்டா. ஒரு கண்ணிக்குள் ஊசியை நுழைத்து நூலை இழுத்தால் அடுத்த கண்ணி பிறக்கும். நம்மவர் றேந்தை என்று சொல்லும்போது இதனையும் சேர்த்தே சொல்வதுண்டு. றேந்தை என்ற சொல் போர்த்துக்கேயரின் 'றெண்டா' என்பதிலிருந்து வந்தது. காலியிலும் வெலிகமையிலும் தலையணையின்மீது குண்டூசிகளைக் குத்தி, மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றி வீசிச் செய்கின்றார்களே, அதுவே பழைய றேந்தை. அதற்குப் பல கட்டைகள் வேண்டும். ஓரிடத்தில் அமரவும் வேண்டும். கொளுக்கி ஊசியோ மடியில் கிடக்கும். உலை கொதிக்கும்வரை நாலு வரிசை போடலாம். குழந்தை அழுதால் அப்படியே வைத்துவிட்டு எழலாம். இந்த வசதியே அக்கைத்தொழிலின் பேறு; அதன் கேடும் இதுவே என்பதைப் பின்னர்க் காண்போம்.

குறோசே பழங்கலை என்று பலர் எண்ணுகின்றனர். இன்று நாம் அறிந்த வடிவில் அதற்கு வயது இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல் என்றே கொள்ளலாம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின்மீது கொளுக்கியால் போடும் சங்கிலித் தையலிலிருந்து, துணியை நீக்கிவிட்டு நூலை மட்டும் கொண்டு பின்னும் வழக்கம் தோன்றியது என்பர் ஆராய்வோர். 1823ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தில் வெளிவந்த பெனெலோப்பே என்ற மகளிர் சஞ்சிகையில் சிறு பணப்பைகளைக் குறோசே முறையில் செய்யும் விதம் அச்சிடப்பட்டிருந்தது. அக்காலத்தில் இஃது உணவுக்குக் கவலையில்லாத சீமாட்டிகளின் பொழுதுபோக்கு. சந்தைக்கும் அதற்கும் தொடர்பில்லை. சீமான்கள் தலையில் பூசிய மக்காசர் எண்ணெய் கதிரைகளைக் கறைப்படுத்தாதிருக்கச் சாய்மானத்தில் துணி விரித்த வழக்கமும் அந்த நூற்றாண்டினதே. நம் வீட்டுக் கதிரைத் துணியின் பாட்டனார் அங்கே இருக்கின்றார்.

பொழுதுபோக்கைப் பிழைப்பாக்கியது பசி.

1845ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குத் தோட்டங்களில் ஒரு நோய் புகுந்தது. ஏழைக் குடியானவர்களுக்கு அக்கிழங்கே மூன்று வேளை உணவு. அது நிலத்துக்குள்ளேயே அழுகியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் பட்டினியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். அத்துணைத் தொகையினர் கப்பலேறி நாட்டைவிட்டுப் போயினர். தானியமும் கால்நடையும் அதே துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன என்பது அந்த வரலாற்றின் ஆறாத புண். நிலம் கைவிட்டபோது குடியானவன் வீட்டில் விற்கத்தக்கதாக எஞ்சியது ஒன்றே: பெண்களின் விரல்கள்.

தெற்கே கோர்க் நகரை அடுத்த கன்னியர் மடங்களில் அருட்சகோதரிகள் சிறுமியருக்குக் குறோசே கற்பித்தனர். வடக்கே மொனகன் மாவட்டத்தில் குளோனிஸ் என்ற சிற்றூரில், 1847ஆம் ஆண்டில், அவ்வூர்ப் பாதிரியாரின் துணைவியார் கசாண்ட்ரா ஹாண்ட் அம்மையார் இப்பணியைத் தொடங்கினார். கில்டெயர் மாவட்டத்தில் ஓர் அம்மையார் நடத்திய கூடத்திலிருந்து ஓர் ஆசிரியை வரவழைக்கப்பட்டாள். மடத்துக் கன்னியர் கத்தோலிக்கர். ஹாண்ட் அம்மையாரோ புரட்டஸ்தாந்து சபையைச் சேர்ந்தவர். அயர்லாந்தில் அவ்விரு சாராரும் ஒரே வேலையைச் செய்தனர் என்பது சிறிய செய்தியன்று.

அவர்கள் செய்த யுக்தி வியக்கத்தக்கது. வெனிஸ் நகரின் ஊசிவேலைப்பாட்டு றேந்தை அரண்மனைகளுக்கே உரியது; மாதக்கணக்கில் கண்ணைப் பறிக்கும் வேலை. அதன் பூவையும் கொடியையும் கண்டு, அதே தோற்றத்தைக் கொளுக்கி ஊசியால் மிகக் குறைந்த நேரத்தில் கொண்டுவரலாம் என்று கண்டனர். ஒருத்தி ரோசாப்பூ மட்டும் செய்வாள். அடுத்த வீட்டுக்காரி அயர்லாந்தின் சின்னமாகிய மூவிலைப் பூண்டு மட்டும் செய்வாள். வேறொருத்தி இலையும் காம்பும். இவ்வாறு சேர்ந்த உருக்களை ஒரு துணியில் தைத்து வைத்துத் தேர்ந்த கைகாரி ஒருத்தி இடைவெளிகளை வலையால் நிரப்புவாள். அவ்வலையில் இடையிடையே நூலைச் சுற்றிச் சுற்றி இடும் மணிபோன்ற முடிச்சுக்குக் குளோனிஸ் முடிச்சு என்றே பெயர் நிலைத்துவிட்டது. இறுதியில் அடித்துணியை நீக்கினால் கழுத்துப்பட்டி ஒன்று கையில் கிடக்கும். அதைச் செய்தவர் யார் என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்ல இயலாது. ஒரு தெருவையே சொல்லவேண்டும்.

இலண்டனில் எலியனோர் றியேகோ டி லா பிராங்ஷார்டியேர் என்ற நீண்ட பெயருடைய மாது, பின்னல் மாதிரிகளை நூல் நூலாக அச்சிட்டு வந்தார். ஐரிஷ் குறோசேயைத் தாமே வகுத்ததாகவும் பின்னர் உரிமை கொண்டாடினார். உரிமை எவருக்கானாலும், விற்ற காசு குடிசைக்கு வந்தது. பல வீடுகளில் அக்காசே வாடகை. சில வீடுகளில் அதுவே அமெரிக்காவுக்குக் கப்பற் கட்டணம். கண்ணி கண்ணியாகச் சேர்த்த பணத்தில் மகன் கடல் கடந்தான் என்றால், அதனைப் பொழுதுபோக்கு என்று எவ்வாறு சொல்வது?

ஆயினும் அப்படித்தான் சொல்லப்பட்டது. பஞ்சம் தணிந்ததும் அனுதாபத்தோடு வாங்கியோர் குறைந்தனர், தரகர்கள் பெருகினர். மலிவாகக் கேட்டார்கள், மலிவான வேலையே கிடைத்தது. அவசரத்தில் பின்னிய பூக்கள் தளர்ந்தன. பழைய மாதிரிகளே திரும்பத் திரும்ப வந்தன. கோர்க்கில் இத்தகைய தொழிற்பள்ளியோடு தொடர்புடையவராயிருந்த மெரடித் அம்மையார் 1865ஆம் ஆண்டில் றேந்தைக்காரிகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1880களில் கோர்க் சித்திரக் கல்லூரியின் தலைவர் பிரெனன் என்பாரும், இலண்டனிலிருந்து வந்த அலன் கோல் என்பாரும் புதிய வரைவுகளைக் கொடுத்து இக்கலையைத் தூக்கி நிறுத்த முயன்றனர். பாரிஸ் நாகரிகம் அதனை மீண்டும் விரும்பிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரிஷ் குறோசேச் சட்டை செல்வச் சீமாட்டிகளின் ஆசைப்பொருளாயிற்று. 1914இல் போர் வந்தது. உடையின் போக்கு மாறியது. கதை ஏறத்தாழ அங்கே முடிந்தது.

போர் மட்டும் காரணமன்று. சுவிற்சர்லாந்தில் 1863ஆம் ஆண்டளவில் ஐசக் கிரோப்ளி அமைத்த தையல்பூ யந்திரம் பின்னர் ஒரு தந்திரத்தைக் கற்றுக்கொண்டது. பட்டின்மீது பருத்தி நூலால் பூவேலை செய்து, பட்டை இரசாயனத்தில் கரைத்துவிட்டால் பூவேலை மட்டும் றேந்தை போல எஞ்சும். ஐரிஷ் குறோசேயைப் போன்ற போலிகள் இவ்வழியில் முழம் முழமாக வெளிவந்தன. இங்கே ஒன்றை நேயர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அது தோற்றத்தில் மட்டுமே குறோசே. மெய்யான குறோசேக் கண்ணியைக் கையைப் போலப் பின்னும் யந்திரம் இன்றுவரை ஆலைத் தொழிலில் வழக்குக்கு வரவில்லை. இரு ஊசிப் பின்னலுக்கு யந்திரம் உண்டு, நெசவுக்கு உண்டு, இதற்கு இல்லை. ஆகவே கடையில் மலிவு விலைச் சீட்டோடு மெய்யான குறோசேத் தொப்பி ஒன்று தொங்கினால், எங்கோ ஒருவருடைய விரல்கள் அந்த மலிவைச் சுமந்திருக்கின்றன.

இனி நம் அயலுக்கு வருவோம். நாகர்கோவிலில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820களின் தொடக்கத்தில் பெண்களுக்கு றேந்தை கற்பித்தார். அது தலையணை றேந்தை, குறோசே அன்று. எனினும் சொல்லாமற் போக மனம் வரவில்லை. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, அடிமைகளாய்ப் பிறந்த பெண்களிற் சிலர் றேந்தை விற்ற காசைக் கொண்டு தம்மைத் தாமே மீட்டுக்கொண்டனர். அம்மையாரின் மகள் எலைசா, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் கண்ட கால்டுவெல் ஐயரை 1844இல் மணந்து, இக்கைத்தொழிலை இடையன்குடிக்கும் கொண்டு சென்றார்.

கொளுக்கி ஊசி வேரூன்றியது இன்னும் வடக்கே, ஆந்திரத்தின் கோதாவரி முகத்துவாரத்தில். நரசாப்பூர் என்ற ஊரைச் சூழ்ந்த கிராமங்களில், மிஷனரிகளின் மனைவியர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏழைக் கிறிஸ்தவப் பெண்களுக்குக் கற்பித்த குறோசே, பின்னர் அயலிலுள்ள உழவர்குலப் பெண்களிடமும் பரவியது. வயலுக்குப் போகாமல் வீட்டினுள் இருப்பதே அப்பெண்களுக்குக் கௌரவம். வீட்டிலிருந்தவாறே செய்யக்கூடிய தொழில் அந்தக் கௌரவத்துக்குப் பொருந்தியது.

1970களின் பிற்பகுதியில் மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் அங்கே தங்கி ஆராய்ந்தார். அவர் நூல் 1982இல் வெளிவந்தது. அவர் கண்டது யாது? ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் குறோசே பின்னிக்கொண்டிருந்தனர். முகவர் நூலைக் கொடுத்துப் போவார். வாரம் கழித்துப் பூக்களை எண்ணி வாங்கிப் போவார். குளோனிசில் போலவே, ஒருத்தி பூச் செய்வாள், இன்னொருத்தி இணைப்பாள். சரக்கு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போயிற்று. எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்பது பின்னியவளுக்குத் தெரியாது. வீட்டு வேலைக்குப் புறம்பாக நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் அவள் ஊசி பிடித்தாள். பெற்ற கூலியோ, வயலில் வேலை செய்த பெண்ணின் சட்டபூர்வக் கூலியில் ஒரு சிறு பங்கே.

ஏன் அவ்வளவு குறைவு? அவள் தொழிலாளி அல்லள், வீட்டுப் பெண், ஓய்வு நேரத்தில் செய்கின்றாள். ஏற்றுமதிக்காரர் அப்படிச் சொன்னார், கணவன் சொன்னான், அவளும் சொன்னாள். அரசாங்கக் குடிமதிப்பும் அவ்வாறே கொண்டு, அப்பகுதியில் வீட்டுக் கைத்தொழில் செய்வோராகச் சில ஆயிரம் பேரையே எண்ணியது. ஏனையோர் கணக்கில் 'சும்மா' இருந்தவர்கள். மடியில் கிடக்கும் ஊசியின் வசதி எங்கே கொண்டுவந்து விட்டது, பார்த்தீர்களா! உலையின் அருகிலேயே செய்ய முடிந்ததால், அது சமையலின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. தொழிற்கூடத்துக்கு நடந்து போயிருந்தால், போய்வரும் வழியிலாவது ஊரார் அதை வேலை என்று கண்டிருப்பர்.

உண்மையாகவே ஓய்வு நேரத்தில் பின்னியவர் ஒருவரும் வரலாற்றில் உண்டு. 1900ஆம் ஆண்டில், தென்னாபிரிக்கப் போரில் ஈடுபட்ட வீரர்களுக்கென விக்டோறியா மகாராணியார் தமது எண்பது வயதைக் கடந்த கைகளால் காக்கி நிறக் கம்பளி நூலில் எட்டுக் கழுத்துத் துண்டுகளைப் பின்னினார். ஒவ்வொன்றிலும் மகாராணியாரின் முத்திரையெழுத்து உண்டு. நாலு துண்டுகள் பிரித்தானிய வீரருக்கும், நாலு துண்டுகள் குடியேற்ற நாட்டு வீரருக்கும் கிடைத்தன. அவுஸ்திரேலிய வீரர் பெற்றது அந்நாட்டுப் போர் நினைவகத்தில் காப்பாற்றப்படுகின்றது. அதே நூற்றாண்டின் குளோனிஸ் கழுத்துப்பட்டிகளும் அருங்காட்சியகங்களில் உள்ளன. அங்கே ஊரின் பெயர் உண்டு, காலம் உண்டு. பின்னியவளின் பெயர் பெரும்பாலும் இல்லை.

சிறிது காலத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில், மேசை விரிப்பும் குழந்தைத் தொப்பியும் பின்னி விற்கும் முதிய அம்மையார் ஒருவரைக் கண்டேன். விரிப்பு ஒன்றை எடுத்து விலை கேட்டேன். எத்தனை நூற்பந்து பிடித்தது, பந்து என்ன விலை, ஊசி எங்கே வாங்கியது என்பதெல்லாம் தடங்கலின்றிச் சொன்னார். அவற்றின்மேல் ஒரு சிறு தொகை கூட்டி விலை கூறினார். பின்னி முடிக்க எத்தனை மணி நேரம் சென்றது என்று கேட்டேன். அவர் விரிப்பை மடித்துக்கொண்டே சிரித்தார்.

"அதை ஆர் தம்பி எண்ணிக்கொண்டிருக்கிறது? சும்மா இருக்கிற நேரத்திலை செய்யிறதுதானே."