பாட்டுப் பாடி நின்ற நாடு

வரலாற்று ஆசிரியனாக இருந்தபோது பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லாத நாடுகள் பற்றி மாணவர்களிடம் சொல்ல நேரமே கிடைத்ததில்லை. ஓய்வில் அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்கிறேன். இன்று எஸ்டோனியா.

பால்டிக் கடலோரம், ரஷ்யாவுக்கு மேற்கே, பின்லாந்துக்குத் தெற்கே இருக்கிறது. பரப்பு சுமார் 45,000 சதுர கிலோமீட்டர். கேரளத்தைவிடச் சற்றுப் பெரிது. மக்கள்தொகையோ 13 லட்சத்தை ஒட்டித்தான். பாதி நிலம் காடு. மிக உயரமான குன்றே 318 மீட்டர்தான். எதிரியைத் தடுக்க மலையரண் கிடையாது. 1219இல் டென்மார்க் அரசர் வந்தார். பிறகு ஜெர்மானிய வீரர்கள், சுவீடன், 1710 முதல் ரஷ்யப் பேரரசு. எத்தனையோ தலைமுறைகள் சொந்த மண்ணிலேயே பண்ணையடிமைகளாக இருந்தார்கள்.

அவர்களிடம் மிஞ்சியது மொழி. அது ரஷ்ய மொழிக்கோ ஜெர்மன் மொழிக்கோ உறவில்லை. பின்னிஷ் மொழிக்கு நெருங்கிய உறவு. 14 வேற்றுமைகள் உண்டு. நம் எட்டு வேற்றுமைக்கே திணறிய மாணவர்களை நினைத்துக்கொண்டேன்!

பண்ணையடிமை முறை ஒழிந்த 50ஆம் ஆண்டு நினைவாக, 1869இல் தார்த்து நகரில் முதல் பாட்டு விழா நடந்தது. முன்னின்று நடத்தியவர் யான்சன் என்ற பத்திரிகை ஆசிரியர். அவர் மகள் லிடியா கொய்டுலா எழுதிய தாய்நாட்டுப் பாடலும் அங்கே ஒலித்தது. 1918இல் நாடு விடுதலையை அறிவித்தது. ஆனால் 1939 ஆகஸ்ட் 23 அன்று ஹிட்லரும் ஸ்டாலினும் செய்த ரகசிய ஒப்பந்தம் அதை விழுங்கியது. 1940இல் சோவியத் படை வந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மானியப் படை. 1944இல் மீண்டும் சோவியத். 1949 மார்ச்சில் 20,000க்கும் மேற்பட்டோர் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியோர்.

கொய்டுலாவின் பாடலுக்கு எர்னெசாக்ஸ் 1944இல் புதிய மெட்டுப் போட்டார். பின்னர் அதற்கும் தடை வந்தது. 1960 விழாவில் அனுமதி கேட்காமலே கூட்டம் அதைப் பாடியது. ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் பாடும்போது யாரைப் பிடித்து உள்ளே போடுவது?

1988இல் தாலின் நகரத் திடலில் இரவிரவாகப் பாடினார்கள். ரகசிய ஒப்பந்தத்தின் 50ஆம் ஆண்டு நாளில், 1989 ஆகஸ்ட் 23 அன்று, எஸ்டோனியா, லாத்வியா, லிதுவேனியா மக்கள் ஏறக்குறைய 20 லட்சம் பேர் தாலின் முதல் வில்னியஸ் வரை 600 கிலோமீட்டருக்கு மேல் கைகோத்து நின்றார்கள்.

பாட்டு மட்டுமே விடுதலை தந்தது என்று சொன்னால் அது வரலாறு ஆகாது. சோவியத் அரசு உள்ளுக்குள் தளர்ந்திருந்தது. மாஸ்கோவில் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி நடந்த வேளையில்தான், 1991 ஆகஸ்ட் 20 அன்று, எஸ்டோனியா மறுபடி சுதந்திர நாடானது. ஆனால் அந்த நாள் வந்தபோது விடுதலை கேட்பதற்கு ஒரு மக்களினம் மிச்சமிருந்ததே, அது பாட்டாலும் மொழியாலும்தான்.

பேரப்பிள்ளைகளிடம் வரைபடத்தைக் கொடுத்து இந்த நாட்டைத் தேடச் சொல்லுங்கள்.