ரோமானியச் சிப்பாயின் சம்பளச் சீட்டு

ரோமானியச் சிப்பாய்களுக்கு உப்பைத்தான் சம்பளமாகக் கொடுத்தார்கள், அதிலிருந்துதான் 'சேலரி' என்ற சொல் வந்தது என்று நாம் எல்லோரும் படித்திருப்போம். சொல்லுக்கும் உப்புக்கும் உறவு உண்டுதான். ஆனால் உப்பை அளந்து கொடுத்ததாகப் பழைய ஆதாரம் எதுவும் இல்லை.

கிடைத்திருப்பது வேறு கணக்கு! சாக்கடல் ஓரத்து மசாடா கோட்டையில் கி.பி. 70களைச் சேர்ந்த ஒரு சம்பளச் சீட்டு கிடைத்தது. பாப்பிரஸில் எழுதியது. கையஸ் மெஸ்ஸியஸ் என்ற வீரனின் ஒரு தவணைச் சம்பளம் 50 தெனாரியஸ். பிடித்தம்: பார்லி 16, சாப்பாடு 20, காலணி 5, தோல்வார் 2, லினன் சட்டை 7. கூட்டிப் பாருங்கள், மிச்சம் பூஜ்யம்!

பார்லி குதிரைத் தீனி என்றால் அவன் குதிரை வீரன் என்றொரு வாதமும் உண்டு. யாராக இருந்தாலும், பேரரசுக்காகப் போரிட்டவன் செருப்புக்கும் தானேதான் காசு கொடுத்திருக்கிறான்.