மழையில் கொடுத்த கோப்பை



கோல்ஃப் சீமான்களின் ஆட்டம். அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுகிற இந்த இருக்கன்குடியில் அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? “திறமை இருந்தால் யாரும் முன்னுக்கு வரலாம், இடஒதுக்கீடு எதற்கு?” என்ற கேள்வியை நீங்கள் கல்லூரியில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அதற்கான பதிலைத் தன் வாழ்க்கையாலேயே சொன்ன ஒரு கோல்ஃப் ஆட்டக்காரரின் வரலாறு இது.

1860 நவம்பரில், சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச்சென்ற ‘ட்ரூரோ’ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரைசேர்ந்தது. 1911 வரை அப்படிப் போனவர்கள் ஒன்றரை லட்சம் பேர். நேட்டால் கரும்புத் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் அங்கும் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார்கள். அந்த இந்தியக் கூலிச் சமூகத்தில் பிறந்தவர் சூசங்கர் ‘பாப்வா’ சூகோலம்.

பாப்வா பள்ளிப் படிப்பு வாய்க்காதவர். வெள்ளைக்கார ஆட்டக்காரர்களின் மட்டைப்பையைச் சுமந்து பிழைத்தார். சொல்லிக்கொடுக்க ஆளில்லை, பார்த்துப் பார்த்துத்தான் கற்றார். வலது கைக்காரர்கள் இடது கையை மேலேயும் வலது கையைக் கீழேயும் வைத்து மட்டையைப் பிடிப்பார்கள். அவர் தலைகீழாகப் பிடித்தார். அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் டச்சு ஓப்பன் பட்டத்தை வென்றார்.

1963இல் டர்பனில் நடந்த நேட்டால் ஓப்பன் போட்டியில் வெள்ளையர்களை வென்றார். ஆனால், கிளப் கட்டடம் வெள்ளையருக்கானது. அவர்கள் உள்ளே நனையாமல் இருக்க, வென்றவருக்கு வெளியே மழையில் வைத்துக் கோப்பை கொடுத்தார்கள். அந்தப் புகைப்படம் உலகெங்கும் போனது.

இது நமக்குப் புதிதா? புனேயில் ஆங்கிலேயர்களுக்குப் பந்துவீசிய தலித் வீரர் பால்வங்கர் பாலு, இந்து அணியில் சேர்ந்த பிறகும் தேநீர் இடைவேளையில் வெளியே தனியாக நின்று மண்குவளையில் குடிக்க வைக்கப்பட்டார். அவர் வீழ்த்தும் விக்கெட் வேண்டும், அவர் உதடு பட்ட குவளை வேண்டாம். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்த அவருக்கு அந்த அணியின் தலைமை கடைசிவரை தரப்படவில்லை.

1965இல் அதே நேட்டால் ஓப்பனில் உலகப் புகழ்பெற்ற கேரி பிளேயரையே தோற்கடித்தார் பாப்வா. அரசு அதற்குக் கொடுத்த பரிசு என்ன? வெள்ளையர் போட்டிகளில் ஆடத் தடை விதித்தது, கடவுச்சீட்டையும் பறித்தது. 1978இல் வறுமையில் இறந்தார். திறமை குறைந்ததால் அவர் வெளியேற்றப்படவில்லை. திறமை நிரூபணமானதால்தான் வெளியேற்றப்பட்டார்.

அமெரிக்காவிலும் தொழில்முறை கோல்ஃப் சங்கம் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி வைத்திருந்தது. பை சுமந்து வளர்ந்த கறுப்பின ஆட்டக்காரர் சார்லி சிஃபோர்ட் அதை எதிர்த்துப் போராடினார். கலிஃபோர்னியா அரசின் தலைமை வழக்கறிஞர் ஸ்டான்லி மாஸ்க் அந்த விதியைச் சட்டப்படி எதிர்த்து நின்றார். 1961இல் அது நீக்கப்பட்டது. சிஃபோர்ட் 1967இல் ஹார்ட்ஃபோர்டிலும் 1969இல் லாஸ் ஏஞ்சலிஸிலும் வென்றார்.

இருவரும் சுமைகூலிகளாகத்தான் தொடங்கினார்கள். ஒருவருக்குச் சட்டம் கதவைத் திறந்தது. இன்னொருவருக்குச் சட்டமே கதவைச் சாத்தியது. ஆகவே தோழர்களே, திறமையைப் பற்றி யாராவது உங்களிடம் பாடம் நடத்தினால், முதலில் கதவின் சாவி யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள்.