அரை மணித்தியால வரலாறு

சாட்டிப் படங்களைப் பென் டிரைவில் பிரதி எடுக்கேக்க, மாறாத கோப்புகளும் மாறினதாகக் காட்டலாம். காரணம், கணினியின் என்டிஎஃப்எஸ் உலகப் பொது நேரத்தைப் பதியும். பென் டிரைவின் ஃபாட்32 உள்ளூர் நேரத்தை மட்டும், அதுவும் இரண்டு செக்கன் கணக்கில் பதியும்.

ஆனா எங்கட உள்ளூர் நேரமே இரண்டாக இருந்தது. 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. புலிகளின் வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. அரச கட்டுப்பாட்டுச் சாட்டியில் மாலை 6 மணியெண்டால், வன்னியில் 5.30. 2006 ஏப்ரலில்தான் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பியது.

அந்தப் பத்து வருசப் பதிவுகளைச் சேர்க்கேக்க, எது முதல் நடந்தது எண்டதே இதனால் மாறலாம். ஆகவே கோப்பின் பெயரிலேயே எந்த நேரம் எண்டும் எழுதிவைப்பம்.