மாணவர் கையில் பிரம்பு

வில்லியம் கோல்டிங் 1954-இல் வெளியிட்ட 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்' நாவலில், பெரியவர் எவருமற்ற தீவில் சிக்கிய ஆங்கிலச் சிறுவர்களிடையே தலைமைப் போட்டி மூண்டு, நட்பு முறிந்து, கொலைவரை செல்வதை மனித இயல்பின் இருளாக மட்டுமே விளக்குவது வழக்கம். எனினும், பாடகர் குழுவின் முதல்வன், பள்ளியின் மாணவர் தலைவன் என்பவற்றையே தகுதியாகக் காட்டித் தலைமை கோரும் ஜாக், இங்கிலாந்தில் நெடுங்காலம் நிலவிய ஒரு பள்ளி வழக்கத்தின் வாரிசும் ஆவான்.

'பப்ளிக் ஸ்கூல்' என்று பெயர் இருந்தாலும் வசதி படைத்தோரின் பிள்ளைகளே பெரிதும் பயின்ற உறைவிடப் பள்ளிகளில், விடுதியின் அன்றாட ஆட்சி மூத்த மாணவரிடமே இருந்தது. அவர்களுடைய காலணியைத் துலக்குவது, ரொட்டி வாட்டித் தருவது முதலிய ஏவல்களை இளையோர் செய்யும் முறை 'ஃபேகிங்' எனப்பட்டது, மறுத்தவருக்கு அடி விழுந்தது.

இவ்வாறு ஆளப் பழகியவர்கள் ஆசிரியரையும் எதிர்த்தனர். 1797 நவம்பரில் ரக்பி பள்ளியில், உடைந்த சன்னல்களுக்கு மேல்வகுப்பினர் ஈடு தர வேண்டுமெனத் தலைமையாசிரியர் ஹென்றி இங்கில்ஸ் ஆணையிட, மாணவர்கள் அவருடைய வகுப்பறைக் கதவை வெடிமருந்து வைத்துத் தகர்த்து, மேசைகளையும் புத்தகங்களையும் மைதானத்தில் குவித்துக் கொளுத்தினர். படைவீரர் வரவழைக்கப்பட்டதும், வளாகத்தில் அகழி சூழ்ந்திருந்த, 'தீவு' என்றே வழங்கிய மேட்டுக்கு அவர்கள் பின்வாங்கினர். கலகத் தடைச் சட்டம் உரக்கப் படிக்கப்பட்டுக்கொண்டிருக்க, பின்புறமாக அகழியைக் கடந்த வீரர்கள் அவர்களைப் பிடித்தனர். கலகத்தின் தலைவன் எனப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட வில்லோபி காட்டன் பிற்காலத்தில் பம்பாய்ப் படையின் தலைமைத் தளபதியானார். அந்தச் சமுதாயம் எதைத் தலைமைப் பண்பாக மதித்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1828-இல் ரக்பியின் பொறுப்பேற்ற தாமஸ் ஆர்னல்டு மூத்த மாணவரின் அதிகாரத்தை ஒழிக்கவில்லை; 'ஆறாம் படிவம்' எனப்பட்ட உச்சவகுப்பு மாணவரைத் தம் நிர்வாகத்துக்குத் துணையாக்கி, ஒழுக்கப் பொறுப்பையும் தண்டிக்கும் உரிமையையும் அவர்களிடமே முறைப்படி ஒப்படைத்தார். 1861 முதல் 1864 வரை ஒன்பது பள்ளிகளை ஆராய்ந்த கிளாரண்டன் ஆணையமும் ஃபேகிங்கை ஒழிக்கச் சொல்லவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அது மெல்ல மறைந்தது.

ஆகவே ஜாக்கின் குழுவில் காணும் ஏவலும் அடியும் தீவு கற்றுத்தந்தவை அல்ல, சிறுவர்கள் உடன் கொண்டுவந்தவை என்று கொள்வதே பொருந்தும். கோல்டிங் இவ்வகைப் பள்ளியில் பயின்றவர் அல்லர். மார்ல்பரோ நகரில், தம் தந்தை ஆசிரியராக இருந்த சாதாரண இலக்கணப் பள்ளியில் படித்தவர். ஆனால் அதே நகரின் புகழ்பெற்ற உறைவிடப் பள்ளியான மார்ல்பரோ கல்லூரியிலும் 1851-இல் மாணவர் கலகம் வெடித்திருந்தது.