தொட்டி ரோஜா வந்த வழி

நம் வளாகத்தில் ஏதாவது ஒரு பால்கனியை எட்டிப் பாருங்கள், வெறும் குச்சியோடு ஒரு ரோஜாத் தொட்டி இருக்கும். நர்சரியிலிருந்து வரும்போது மூன்று பூ, நாலு மொட்டு என்று வந்த செடிதான் அது. இரண்டு மாதத்தில் முடிந்துவிட்டது. "ரோஜாவுக்கு எனக்குக் கைராசி இல்லை" என்று லிஃப்டில் சொல்லிக்கொள்கிறோம். நாலு செடி போன பிறகு நானும் அப்படித்தான் சொன்னேன். கைராசியை விடுங்கள். அந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், அது என்ன கேட்கிறது என்பது பாதி புரிந்துவிடும்.

இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஐரோப்பியத் தோட்டங்களில் இருந்த ரோஜாக்களில் பெரும்பாலானவை வருடத்துக்கு ஒரே ஒரு முறை, கோடைத் தொடக்கத்தில் சில வாரங்கள் பூக்கும். அப்புறம் அடுத்த வருடம்தான், நம் ஊர் மாமரம் மாதிரி. டமாஸ்க் ரோஜாவில் ஒரு வகை மட்டும் இலையுதிர்காலத்தில் இன்னொரு தரம் பூக்கும்.

சீனாவில் கதையே வேறு. கதகதப்பு இருக்கும்வரை விடாமல் பூக்கும் ரோஜாக்களை அங்கே பல நூற்றாண்டுகளாக வளர்த்து வந்தார்கள். "பூத்தது போதும், நிறுத்து" என்று சொல்ல வேண்டிய மரபணு அந்தச் செடிகளில் வேலை செய்வதில்லை. 1790-களிலிருந்து அவை கப்பலேறி ஐரோப்பா போயின. கல்கத்தா வழியாகப் போனதால் பிரெஞ்சுக்காரர்கள் அவற்றுக்கு வங்காள ரோஜா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சீனாக்காரன் வளர்த்தது, பெயர் வங்காளத்துக்கு!

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவுக்கு முன்பு பூர்போன் என்று பெயர். அங்கே வேலிக்காக டமாஸ்க் ரோஜாவையும் சீன ரோஜாவையும் சேர்த்து நட்டிருந்தார்கள். இரண்டும் தானாகக் கலந்து ஒரு புதுச் செடி முளைத்தது. 1819-இல் அதன் விதைகள் பாரிசுக்குப் போய், பூர்போன் ரோஜா என்று ஒரு குடும்பமே உருவானது. நம் பூக்கடைகளில் உதிரியாக எடை போட்டு விற்கும் பன்னீர் ரோஜா, விவசாயிகள் எட்வர்ட் ரோஜா என்கிறார்களே, அது இந்தக் குடும்பம்தான்.

நர்சரியில் நாம் ஆசைப்பட்டு வாங்குவது, நீளக் காம்பில் ஒற்றைப் பெரிய பூ நிற்கும் ரகம். அதற்கு முன்னோடி, பிரான்சின் லியோன் நகரில் கியோ என்பவர் 1867-இல் வெளியிட்ட 'லா பிரான்ஸ்'. சீன ரத்தம் இதிலும் உண்டு.

இப்போது உங்கள் தொட்டிக்கு வருவோம். விடாமல் பூக்கும் செடிக்கு விடாமல் சாப்பாடு வேண்டும். தரையில் இருந்தால் வேர் தேடிப் போகும். தொட்டியில் எங்கே போகும்? மாதம் ஒரு முறை இரண்டு கைப்பிடி மக்கிய உரம் போடுங்கள். வாடிய பூவைச் செடியிலேயே விட்டால் அது காய் பிடித்து, சத்தெல்லாம் விதைக்குப் போய்விடும். ஐந்து சிற்றிலை உள்ள இலைக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். அந்தக் கணுவில் புதுத் தளிர் வரும். மழைக்காலம் முடியும் தறுவாயில் செடியைப் பாதி உயரத்துக்குக் கவாத்து செய்யுங்கள். ஆறு மணி நேர வெயில் இல்லாத வடக்குப் பால்கனிக்காரர்கள் ரோஜாவை மறந்துவிடுவது நல்லது.

இலையில் கரும்புள்ளி விழுந்து மஞ்சளாகி உதிர்கிறதா? அதற்கும் வரலாறு உண்டு. அடர் மஞ்சள் நிறம் வேண்டும் என்று லியோனில் பெர்னே-துஷே பல வருடம் உழைத்து, பாரசீக மஞ்சள் ரோஜாவைக் கலந்து, 1900-இல் 'சொலேய் தோர்' என்ற ரகத்தை வெளியிட்டார். நிறத்தோடு கரும்புள்ளி நோய்க்கு எளிதில் ஆளாகும் குணமும் பின்னாலேயே வந்துவிட்டது. இலை நனையாமல், காலையில் மண்ணில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். உதிர்ந்த இலைகளைத் தொட்டியிலேயே விடாதீர்கள். ஒரே தொட்டிதான் வைக்க முடியும் என்றால், நான் பன்னீர் ரோஜாவைத்தான் சொல்வேன். நம் சமவெளி வெயில் அதற்குப் பழகிய ஒன்று.

ஒட்டுச் செடி வாங்கியவர்களுக்கு இன்னொன்று. அடித்தண்டில் புடைப்பாக இருக்கும் ஒட்டுக்குக் கீழேயிருந்து திடீரென்று ஒரு கொம்பு கொழுகொழுவென்று கிளம்பும். செடி பிழைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவோம். அது நீங்கள் வாங்கிய ரோஜா அல்ல, அதைத் தாங்கும் காட்டு வேர்ச்செடி. விட்டால் மேலே இருப்பதைப் பட்டினி போட்டுவிடும். மனம் இளகாமல் அடியோடு பிய்த்து எடுங்கள்.