பாவை

பாவை என்றால் பொம்மை. ஒருவர் கையால் செய்தது. கொல்லிமலையில் நின்றதாகச் சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிப்பாவையும் செய்த உருவமே. இந்தச் சொல் கண்ணுக்குள் குடியேறிய வழி அழகானது. எதிரில் நிற்பவரின் கருமணியை நெருங்கிப் பார்த்தால் நம் உருவமே அங்கே சிறிதாகத் தெரியும். அதைப் பாவை என்றார்கள். என் காதலிக்கு இடம் போதவில்லை, நீ வெளியேறு என்று கருமணிப் பாவையை விரட்டுகிறான் திருக்குறள் (1123) தலைவன்.

ஜொகூரில் நம் அண்டைவீட்டு மலாய்க்காரர்களும் கருமணியை ‘அனாக் மாத்தா’, கண்ணின் பிள்ளை, என்றே சொல்கிறார்கள். கருமணியைக் குறிக்கும் சீன எழுத்திலும் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை நிற்கிறது.

தமிழில் இன்னொன்றும் உண்டு: ஆடிப்பாவை. ஆடி என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி. மனைவி சொல்லுக்கெல்லாம் இசையும் தலைவனை, நாம் கைகாலைத் தூக்கினால் தானும் தூக்கும் ஆடிப்பாவையாகக் காட்டுகிறார் ஆலங்குடி வங்கனார் (குறுந்தொகை 8). ஜொகூர் பாருவில் 1922இல் எளிய கோயிலாகத் தொடங்கிய ராஜகாளியம்மன் ஆலயத்தில் இன்று ஏறத்தாழ 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள். தூணுக்குத் தூண் ஆடிப்பாவைதான்.

கைகாலை அப்படியே காட்டும் அந்தப் பாவை ஓர் அசைவை மட்டும் நமக்குக் காட்டாது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணைப் பாருங்கள். உடனே வலக்கண்ணைப் பாருங்கள். கண் நகர்ந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். எர்ட்மன், டாட்ஜ் என்ற இருவர் 1898இல் இதை எழுதிவைத்தார்கள். கண் தாவும் கணத்தில் மூளை பார்வையை அடக்கிவிடுகிறது. நொடிக்கு ஏறக்குறைய மூன்று தாவல்கள். ஆனாலும் நாம் காணும் உலகில் ஒரு வெட்டுக்கூட இல்லை! பார்வை நரம்பு புறப்படும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது. அந்தக் குருட்டுப் புள்ளியையும் சுற்றியுள்ளதைக் கொண்டு மூளையே நிரப்புகிறது.

கருமணியில் பாவை இருக்கிறது என்றவர்கள் இடத்தை மட்டுமே தவறவிட்டார்கள். கண்ணுக்கும் மூளைப் புறணிக்கும் நடுவே, தலாமசில், ஓர் இடைநிலையம் இருக்கிறது. அங்கு வந்து சேரும் இணைப்புகளில் விழித்திரையிலிருந்து வருபவை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். புறணியிலிருந்து திரும்பி வருபவை அதைவிட அதிகம். கண் தரும் சேதியோடு, மூளை முன்பே அறிந்ததும் சேர்ந்துதான் உருவம் வனையப்படுகிறது.

தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் பிம்பம் என்கிறோம். விழித்திரையில் விழுவதற்கு அது பொருந்தும். மூளை செய்து தருவதற்குப் பாவை என்ற சொல்லையே வழங்கலாம்.